சிக்னல் கிடைக்காத மலையில் ஒரு செல்போன் கடை

செல்போன் ரிப்பேர்காரனைத் தேடி யாரும் சந்தோஷமாக வருவதில்லை. பல் டாக்டருக்கும் எனக்கும் அதில் ஒற்றுமை உண்டு. பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போன வருஷங்களில், நான் எலக்ட்ரீஷியனாக இருந்த டீ ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கையில் இருந்த தொழிலை நம்பி, குன்னூர் மார்க்கெட் பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டேன். மலையில் செல்போன் வைத்துக்கொண்டு நீங்களும் அல்லல்பட்டிருந்தால், நாம் ஒரே ஜாதி.

மத்தியானத்தில் அணையும் போன்

தங்கமணி அக்கா பர்லியாருக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். வீட்டுக்காரர் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டதால், அவர் குரலைக் கேட்க இருந்தது ஒரு செல்போன்தான். காலையில் சார்ஜ் போட்டால் மத்தியானமே அணைந்துவிடும்; தொட்டால் சுடும். என் கடையில் வைத்தால் மட்டும் சாயங்காலம் வரை சமர்த்தாக இருக்கும். பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். "ஏனுங்க, எங்க ஊட்டுக்கு வந்தா மட்டும் இதுக்குக் காய்ச்சல் வருதுங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மலையே நின்றது. போன் டவருக்குப் பக்கத்தில் இருந்தால், 'மெல்லப் பேசு, போதும்' என்று டவரே உத்தரவு போடும். போனும் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சிக்னல் தேய்ந்துபோனால், 'இன்னும் பலமாக' என்று கேட்கும். போன் முழு மூச்சோடு கத்தும். அந்தக் கத்தலில்தான் சூடும், பேட்டரி காலியாவதும். பின்பக்க ஜன்னலில் சிக்னல் கொஞ்சம் தேறியது. இனி அங்கேயே வைத்துப் பேசச் சொல்லி, காரணத்தையும் விளக்கினேன். அக்கா போனை முந்தானையால் துடைத்தபடி சொன்னார்: "அப்ப இது சோம்பேறி இல்லீங்க. என்னையாட்டமே மலையேறிக் களைச்சுப் போயிருக்குது."

பிரசங்கத்தின் நடுவே ஒரு சத்தம்

அருவங்காட்டுப் பக்கம் கல்லால் கட்டிய பழைய சர்ச் ஒன்று. பாஸ்டர் பேச ஆரம்பித்தால் ஸ்பீக்கரில் 'டிர்ர்... டிட் டிட்' என்று கேட்கும். மைக்கை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

பாஸ்டரைப் பேசச் சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். சத்தம் வந்ததும் புரிந்துவிட்டது. அங்கியின் உள்பாக்கெட்டில் அவருடைய செல்போன் இருந்தது. கனமான கற்சுவருக்குள் சிக்னல் குறைய, போன் பலத்தைக் கூட்டி டவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது; மைக் ஒயர் அதைப் பிடித்து எல்லோருக்கும் ஒலிபரப்பியது. போனை வெளியே வைத்ததும் சர்ச் அமைதியானது. ஆர்கன் வாசிக்கும் ஸ்டெல்லா டீச்சர் பெருமூச்சு விட்டார்: "இந்தச் சத்தம் போகணும்னு நாங்க உபவாசமே இருந்தோமுங்க. கடைசில அது பாஸ்டர் பாக்கெட்டுல இருந்திருக்குது."

ஒரு பக்கம் மட்டும் கேட்கும் போன்

முத்தையா அண்ணன் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் வேலையில் இருந்தார். வேலை நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. மகள் செல்வராணி நர்சிங் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அங்கிருந்து இன்டர்வியூவுக்குப் போன் வந்தது. அவர்கள் பேசுவது இவளுக்குக் கேட்டது, இவள் பேசியது அவர்களுக்குக் கேட்கவில்லை. "ஹலோ ஹலோன்னு சொல்லி வச்சிட்டாங்க அண்ணே. நாளைக் காலைல கூப்பிடறோம்னு மெசேஜ் வந்திருக்கு" என்று, அப்பாவோடு என் கடைக்கு வந்து நின்றவள் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

மைக்கில் பழுதில்லை. டவருக்குப் பெரிய தொண்டை. அதன் குரல் எங்கும் வரும். போனோ தன்னால் முடிந்த மட்டும் கத்தியும் டவரை எட்டவில்லை. அன்றே அப்பா, மகள் இருவரோடும் எஸ்டேட்டுக்குப் போனேன். சிக்னலைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். தண்ணீர்த் தொட்டி மேட்டில் எதிர்மலை டவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மறுநாள் தூறலில் முத்தையா அண்ணன் குடை பிடிக்க, அவள் அங்கே நின்றாள். கடையைப் பூட்டிவிட்டு நானும் போயிருந்தேன். போன் வந்தது. "மேடம், நான் பேசறது கேக்குதுங்களா?" என்று அவள் கேட்டதும் முத்தையா அண்ணன் குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தார். பிறகு அவள் நிதானமாகப் பேசினாள், சிரித்தாள், தலையாட்டினாள். அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். முத்தையா அண்ணன் குடையை மடக்கினார்: "லயத்து வீட்டுல இருந்து நாங்க கத்தினது ஒரு தோட்டத் துரைக்கும் கேக்கல தம்பி. எம் மக மெதுவாத்தான் பேசினா, கோயம்புத்தூருக்கே கேட்டுருச்சு."

கூட்டிக் கழித்துப் பார்த்தால், என்னிடம் வந்த போன்களில் பாதிக்குப் பழுதே இல்லை; ஆட்களை நாலடி தள்ளி நிறுத்தியதற்குத்தான் எனக்கு மெக்கானிக் என்று பெயர்.