ஹவ் என்று ஒரு மெயில்

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பியால் காயில் கட்டியே செகந்திராபாத்தில் சொந்தக் கடை, சைனிக்புரியில் சொந்த வீடு என்று வந்தவன் நான். ரிட்டயரான கர்னல்கள் குடியிருக்கும் தெருவில் என் வீட்டு கேட்தான் பெரிசு. அப்படிப்பட்டவன், கடைக்கு மெயில் வேண்டுமென்றால் அடுத்தவன் கம்பெனியில் போயா இடம் கேட்பேன்? பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டு ஹாலிலேயே சொந்தமாக ஒரு மெயில் சர்வரை ஓட விட்டேன். இன்ஜினீயரிங் படித்த என் மகனே இதெல்லாம் நிற்காது என்றான். நிற்க வைத்துக் காட்டினேன்.

போவதும் வருவதும் சரியா என்று பார்க்க இன்னொரு முகவரி வேண்டும். என் மனைவிக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். பேச்சில் இந்த ஊர் உருது கலக்கும்: ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. ஹாலிலிருந்து அனுப்புவேன். சமையலறையில் அவள் போன் மணியடிக்கும்.

"வந்திருச்சுங்க!"

"வாயால சொல்லாதே. பதில் அனுப்பு. திரும்பி வருதான்னு பாக்கணும்."

"பத்தடி தூரத்துக்கு மெயிலா? எனக்குன்னு வாய்ச்சது பாரு, போஸ்ட்மாஸ்டர்!"

முனகிக்கொண்டே 'ஹவ்' என்று தட்டி அனுப்புவாள். தலைப்பு கிடையாது, வேறு ஒரு சொல் கிடையாது. நான் வைத்திருந்த வடிகட்டி அதைக் குப்பை மெயில் என்று ஒதுக்கிவிட்டது.

"ஏங்க, நான் குப்பையா?" என்று கரண்டியோடு வந்து நின்றாள்.

அவளிடமிருந்து எது வந்தாலும் நேரே என் பெட்டிக்கு விடு என்று அன்றைக்கே வடிகட்டியில் ஒரு வரி எழுதினேன்.

சோதனை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. கடையிலிருந்து 'காய் வாங்கி வரவா?' என்று கேட்டால் ஹவ். 'ஓட்டலுக்குப் போவோமா?' என்றால் நக்கோ.

நெஞ்சுவலி என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ராத்திரி கூட இருக்க என்னை விடவில்லை. வீட்டிலிருந்து எழுதினேன்: 'நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாமாம். ரசம் நானே வைக்கிறேன். சாப்பிடுவியா?'

ஹவ் என்று பதில் வந்தது. விடிவதற்குள் போய்விட்டாள். அந்தக் கலவரத்தில் அவள் போனும் எங்கேயோ தொலைந்தது.

போன மாதம் சர்வர் சத்தம் போட ஆரம்பித்தது. ஓடுகிற மோட்டாரைக் காதால் கேட்டே எந்த பேரிங் போயிற்று என்று சொல்கிறவன் நான். காதை வைத்துப் பார்த்தேன். விசிறி இல்லை, டிஸ்க். அவள் அனுப்பிய அத்தனையும் அதற்குள்தான் இருந்தன, அந்தக் கடைசி ஹவ் உட்பட. வேறெங்கும் பிரதி இல்லை.

புது கம்ப்யூட்டர் வாங்கி முதலிலிருந்து செட்டிங் எல்லாவற்றையும் எழுதினேன், அவள் முகவரியையும் சேர்த்து. ஓர் எழுத்து தப்பினாலும் சர்வர் எழுந்திருக்காது. பிறகு பழைய டிஸ்கிலிருந்து மெயில்களை இழுத்தேன். அது கரகரவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த ஹவ்வைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

மல்காஜ்கிரியிலிருந்து வந்திருந்த மகன் பக்கத்தில் நின்றான். தமிழ் புரியும், வாயில் தெலுங்குதான் வரும்.

"அம்மகி எந்துக்கு நான்னா அக்கவுண்ட்?"

"அம்மாவுக்கு எதுக்குன்னா கேக்குறே? அவ மெயில் எங்கடா இருக்கும்?"



வழக்கம்போல அவள் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். 'வந்துச்சா?' போய்ச் சேர்ந்தது என்று திரையில் வரி விழுந்தது. சமையலறையில் சத்தம் எதுவும் இல்லை. இந்த ஊரில் எவனாலும் முடியாததைச் செய்துவிட்டு, போஸ்ட்மாஸ்டர் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

புது வடிகட்டியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது ஞாபகம் வந்தது. மகன் பார்க்கப் பார்க்கவே அதையும் எழுதினேன். அவளிடமிருந்து எது வந்தாலும் நேரே என் பெட்டிக்கு.