சுவரில் விழுந்த எதிராளி

நாகல் நகரில் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே காம்பவுண்டில் இருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர்களுக்கும் ஒரு பெண், எங்களுக்கும் ஒரு பெண். இரண்டும் பாக்சிங் பழகப் போயின. எடையும் ஒன்றாகப் போனதுதான் வினை. அந்த எடையில் மாவட்டத்துக்கு ஒரு பெண்ணைத்தான் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள்.

என் ஓரகத்திக்கு எல்லாம் நன்றாக அமைந்துவிடும். அவள் நிறம், அவள் வைக்கிற குழம்பு, ஆளுயரக் கண்ணாடி பதித்த அவள் பீரோ. வீட்டில் ஷேடோ பாக்சிங் செய்யுங்கள், கண்ணாடி முன்னால் என்றால் நல்லது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். உடனே வந்து நின்றாள், இரண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டிலேயே செய்யட்டும் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷேடோ என்றால் என்ன என்று மகளைக் கேட்டேன். நிழல் என்றாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். அதற்காக இதுகூடவா தெரியாது?

"நிழலுக்கு எதுக்குடி அவ பீரோ? வெயிலு நம்ம வீட்லயும்தான் அடிக்கிது."

விடிந்ததும் முதுகில் வெயில் படும்படி மகளை நிறுத்துவேன். நான் சுண்ணாம்பு அடித்த சுவரில் அவள் நிழல் விழும். வெயில் ஏறினால் நிழல் சுவரை விட்டு இறங்கிவிடும். அதற்குள் குத்தி முடிக்க வேண்டும். மாஸ்டர் கேள்விப்பட்டுச் சிரித்தாராம். எதிரில் ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு வெறுங்காற்றில் குத்துவதற்குத்தான் அந்தப் பெயராம். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றேன். பக்கத்து வீட்டில் அந்தப் பெண்ணின் கால் சத்தம் ஓயும்வரை என் மகளையும் நிறுத்த விடமாட்டேன்.

தேர்வுப் போட்டியில் இரண்டும் எதிரெதிரே நின்றன. ஓரகத்தி மகள் ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் குத்துகிற கெட்டிக்காரி. என் மகள் அந்தக் கண்ணைப் பார்க்கவே இல்லை. நிழலுக்கு ஏது கண்? தோள் அசைவதை மட்டும் பார்த்துப் பழகியிருந்தாள். தோள் அசைந்ததுமே விலகி, விலகிய வேகத்தில் குத்தினாள். ஜெயித்தாள்.

ஓரகத்தியிடம் சொல்ல ஒரு வார்த்தை வைத்திருந்தேன். நான் எழுந்திருப்பதற்குள் அவள் ஓடிப்போய் என் மகளின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெற்றது மூக்கைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறது.

"யாரு போனா என்ன, நம்ம பிள்ளை போகுதுல்ல" என்றாள் என்னைப் பார்த்து.

நம்ம பிள்ளையாம். அவள் முகத்தில் ஒரு பொட்டுப் பொறாமையாவது தெரிகிறதா என்று தேடினேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலும் தேடினேன். தெரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.