மறுநாளும் வேலைக்குப் போன அம்மா

மீட்டிங் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, பக்கத்தில் வந்து அமர்ந்த பெண்ணிடமிருந்து சந்தனப் பவுடர் மணத்தது. என் முதல் பெரிய திட்டத்தை இயக்குநர்களுக்கு விளக்க வேண்டிய நாள் அது. எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என்னை அந்த மணம் சிறுவயதில் நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுபோனது.

அம்மா அப்போதுதான் ஒரு கப்பல் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டராகச் சேர்ந்திருந்தார். முதல் வாரத்திலேயே அவருடைய இங்கிலீஷைக் கேட்டு அலுவலகமே சிரித்துவிட்டது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சமைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

“ஏலாட்டி வேலையை விட்டிடும்” என்றார் அப்பா.

மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று கழுத்துக்குச் சந்தனப் பவுடர் பூசினார். பாதி சேலையில் கொட்டியது. அதைத் தட்டிவிட்டு, “குட் மோர்னிங்” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார்.

“பயமில்லையா அம்மா?” என்று கேட்டேன்.

“பயம்தான் பிள்ளை. அதுக்காக நிக்கேலுமா? பஸ் வரப்போகுது.”

ஓய்வு பெறும்வரை அம்மா அந்த வேலையில்தான் இருந்தார்.

கதவு திறந்தது, என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். முதல் வாக்கியத்திலேயே குரல் உடைந்தது. ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அதே வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.