சுற்றி வந்த கிளாஸ்

ஒரு கிழமையாக மகள் எங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். போனிலும் பாடம், ரயிலிலும் பாடம்.

"அம்மா, ஒரு கிளாஸ்தான் வரும். மேசையில இருக்கிற எல்லாரும் அதிலதான் குடிப்பினம். வாய் வைச்சுக் குடிச்சிட்டுப் பக்கத்தில குடுக்கோணும். விளிம்பைத் துடைக்கப்படாது, என்ன?"

"குடிக்காட்டி?" என்றார் என் கணவர்.

"தங்களைப் பிடிக்கேல்லை எண்டு நினைப்பினம், அப்பா."

அவள் கட்டப்போகிற பையன் ஜெர்மன்காரன், ஃபால்ஸ் பகுதியைச் சேர்ந்தவன். ரயிலில் போனால் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்களைத் தவிர வேறொன்றும் தெரியாத ஊர். அவனுடைய பெற்றோர் எங்களை முதன்முதலாகச் சந்திக்க வீட்டுக்குக் கூப்பிடவில்லை. வைன் தோட்டக்காரர் ஒருவரின் முற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோடை வந்தால் அங்கே வைன் செய்கிறவர்கள் முற்றத்தில் நீள மேசையும் உட்கார வாங்கும் போட்டுத் தங்கள் வைனை ஊற்றிக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர்களும் ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருப்பார்கள். அங்கே கூப்பிடுவதுதான் மரியாதை என்று மகள் சொன்னாள். சரி, மரியாதை என்றே வைத்துக்கொண்டேன்.

எனக்கு அன்று விடிகாலை வேலை. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஊட்டுவதும் வாய் துடைப்பதும் செயற்கைப் பல்லைக் கழுவி மாட்டிவிடுவதுமாக எத்தனையோ வருடம் போய்விட்டது. அதில் எனக்கு அருவருப்பு ஒன்றும் கிடையாது. அது வேலை, கையுறை இருக்கிறது. ஆனால் வீட்டில் இவர் வாய் வைத்த கிளாஸில்கூட நான் குடித்ததில்லை. செம்பானாலும் போத்தலானாலும் நாங்கள் இருவரும் அண்ணாந்துதான் குடிப்போம். எச்சில் என்றால் எச்சில்தான்.

இதையெல்லாம் ரயிலில் மகளிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். இன்றைக்கு நாங்கள் சரியாக நடந்தால்தான் இரண்டு குடும்பமும் ஒட்டும் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியில் பத்துப் பேரை வேலை வாங்குகிற பிள்ளை, எங்களை நினைத்துப் பயந்துபோயிருந்தாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கால்கள் வேறு வீங்கியிருந்தன.

முற்றம் அழகுதான். தலைக்கு மேலே திராட்சைக் கொடிப் பந்தல், சுவரோரம் பழைய பீப்பாக்கள். சம்பந்தி பெரிய சரீரம், பெரிய சிரிப்பு. கையைப் பிடித்துக் குலுக்கினால் விரல் நோகும். அவர் மனைவி வெங்காயம் போட்ட ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்கள். எனக்குக் களைப்பில் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

கிளாஸ் வந்தது. வைனில் சோடா கலந்து ஊற்றிய, அரை லீட்டர் கொள்கிற கனத்த கண்ணாடி. சம்பந்தி குடித்தார், அவர் மனைவி குடித்தார், பையன் குடித்தான். மகள் அங்கேயே பிறந்தவள் மாதிரி ஒரு மிடறு குடித்து அப்பாவிடம் நீட்டினாள்.

மகள் சொன்ன பாடத்துக்கெல்லாம் இவர் தலையாட்டியவர்தான். ஆனால் கிளாஸ் கைக்கு வந்ததும் கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, கிளாஸை ஒரு சாண் மேலே பிடித்து ஊற்றினார். முதல் மிடறு சரியாகவே இறங்கியது. பக்கத்து வாங்கில் யாரோ கைதட்டினார்கள். அதுதான் வினை. அந்த உற்சாகத்தில் இன்னொரு மிடறு ஊற்ற, சோடா மூக்கில் ஏறி, புரையேறி, சட்டை முழுக்க வைன்.

முற்றமே சிரித்தது. சம்பந்தி இவருடைய முதுகில் தட்டிவிட்டு, கிளாஸைப் பறித்துத் தானும் அண்ணாந்து ஊற்றி மீசையை நனைத்துக்கொண்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவரும் அவர்தான். மகள் சிரிக்கவில்லை. தகப்பனுக்குப் புரையேறுகிறது, அவள் பையனின் தாயுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கிளாஸ் என்னிடம் வந்தது. விளிம்பில் ஈரம். அருவருக்கக்கூடத் தெம்பில்லை. வாய் வைத்துக் குடித்தேன். துடைக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. இவர் ஈரச் சட்டையோடு ஜன்னலோரம் இருந்தார்.

"எத்தினை தரம் சொன்னனான், அப்பா!" என்றாள் மகள். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீங்கள் நல்லாச் செய்தீங்கள், அம்மா."

ஊசி போடும்போது அழாமல் இருந்த குழந்தைக்குச் சொல்கிற குரல். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அடுத்தமுறை அவையளை எங்கட வீட்டை வரச் சொல்லு," என்றேன். "கையால சாப்பிடட்டும்."

"ஐயோ, அவையளுக்கு ஏலாது அம்மா." யோசிக்கவே இல்லை அவள்.

"எங்களுக்கு ஏலும் எண்டு ஒரு கிழமையாப் படிப்பிச்சனிதானே? அவையளுக்கும் படிப்பி. அந்த மனுசன் உன்ர அப்பாவைப் பார்த்துத் தானும் அண்ணாந்து குடிச்சவர். நீதான் பார்க்கேல்லை."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் செருப்பைக் கழற்றி வீங்கிய காலை நீட்டிக்கொண்டேன். இரண்டு நிலையம் கடந்துபோனது.

"என்ன சமைப்பீங்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

"நண்டுக் கறி," என்றேன். "முள்ளுக்கரண்டியால சாப்பிட ஏலாதது."