வெறும் படகில் ஒரு சுற்று

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் சகலையைக் கண்டாலே ஆகாது. மனைவியின் அக்காள் கணவர். கார் விற்கும் கடையில் மேலாளர். கெட்டவர் என்று ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். அவர் வந்து உட்கார்ந்தால் வீடே சிரிக்கும். மெக்கானிக் ஒரு வேடிக்கை சொன்னால் "சரி, சாப்பிட வாங்க" என்று எழுந்துபோகும் மனைவி, அதையே சகலை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இவருக்கென்று மிச்சமிருந்தது மகள் ஒருத்திதான். ஏழு வயது. கோடை விடுமுறையில் ஏரிக்குக் கூட்டிப்போய் முதன்முதலாகப் படகில் ஏற்றுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு பேர் உட்காரும் பெடல் படகு. அவரும் அவளும் மட்டும். மனைவி என்னடாவென்றால் அக்காளையும் சகலையையும் சேர்த்து அழைத்துவிட்டாள்.

அன்று மாலை சகலை வந்ததும் வராததுமாக எல்லோருக்கும் ஐஸ்க்ரீம் வாங்கினார். படகுத்துறை வரை மகள் அவர் தோளில் சவாரி போனாள். பின்னால் நடந்த மெக்கானிக்கின் கையில் அவளுடைய செருப்பு இருந்தது.

அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழுது பார்த்த லிஃப்டை வெறுமனே மேலும் கீழும் விட்டுப் பார்த்த பிறகுதான் ஆள் ஏற்றுவார்கள். அது அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. மகளுக்கு வாங்கிய குட்டி சைக்கிளில், முட்டி நெஞ்சில் இடிக்க இடிக்க, அவரே முதலில் தெருவைச் சுற்றிவந்த கதை சொந்தபந்தம் முழுக்கப் பிரசித்தம். இப்போதும் படகின் சங்கிலியில் துருவைக் கண்டதும் மகளை நிறுத்திவிட்டார்.

"இரு கண்ணு. அப்பா ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

"அப்படியே ஏரியையும் செக் பண்ணிடுங்க சகலை" என்றார் மற்றவர். மனைவி சிரித்தது தண்ணீர் வரைக்கும் கேட்டது.

சங்கிலியில் ஒரு கோளாறும் இல்லை. நிம்மதியாகத் திரும்பினால், எதிரே இன்னொரு படகு. வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தியதால், அடுத்து வந்த படகில் சகலை ஏறிவிட்டிருந்தார். பக்கத்தில் மகள், வாயெல்லாம் பல்லாக.

அவளுடைய முதல் சவாரி, ஒரு மாதமாக மெக்கானிக் காத்திருந்த சவாரி, கண்ணெதிரே இன்னொருவன் பக்கத்தில் போகிறது. அவர் வெடுக்கென்று குனிந்து, நல்லாயிருந்த சங்கிலியை நோண்டத் தொடங்கினார். சிரிப்புச் சத்தம் நெருங்கி, கடந்து, தூரமாகும்வரை நிமிரவே இல்லை.

திரும்பிப் போகையில் மகள் ஓடிவந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என் மேல கோவமா?"

"இல்லையே, ஏன்?"

"நான் கையாட்டிட்டே இருந்தேன். பெரியப்பாகூட கூப்பிட்டாங்க. நீங்க பாக்கவே இல்ல."

பொறாமை என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னார்.

"சங்கிலி கழண்டுடுச்சு கண்ணு. அதை மாட்டிட்டு இருந்தேன்."

அவள் நின்றுவிட்டாள். முகத்தில் நிஜமான கவலை.

"நல்லவேளை, நான் ஏறல. அடுத்த தடவையும் பெரியப்பாகூடவே போறேன்பா. அவங்க படகு நல்லா இருந்துச்சு."