கந்தல் சட்டை எதிரிகள்

ராணுவத்துக்குச் சுட்டுப் பழக ஆள் வேண்டும். சும்மா பழகுவதற்கு நிஜ ஆளைத் தர எந்த அரசும் லேசில் சம்மதிப்பதில்லை. பொம்மையக்காவின் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

பயிற்சி மைதானத்துக்குள் ஒரு பொய்த் தெரு. கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் உண்டு, குடியிருக்கத்தான் ஆளில்லை. அந்தக் குறையை ரப்பர் பொம்மைகளை வைத்துத் தீர்ப்பவள் அவள். மோட்டார் உறுமினால் பொம்மை ஜன்னலில் எழும். மார்பில் குண்டு பட்டால் சாயும். உடம்பெல்லாம் ஒரே அச்சு. கை மட்டும் மாறும். துப்பாக்கிக் கை மாட்டினால் எதிரி, காய்கறிப் பை மாட்டினால் பொதுஜனம். நல்லவன் கெட்டவனைத் திருகாணியால் தீர்மானிக்கிற இடம் அது ஒன்றுதான்.

தையல் கடையிலிருந்து வந்தவளுக்கு, ஓட்டை விழப்போகிற உடம்பில் நல்ல சட்டையை மாட்ட மனசு வராது. "சாகப்போறவனுக்கு எதுக்கு இஸ்திரி?" என்பாள். கந்தல் எதிரிக்கு, புதுசு பொதுஜனத்துக்கு.

அந்த முறை வந்த படைப்பிரிவு ஒரு குண்டைக்கூடத் தப்பாகச் சுடவில்லை. மேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். தேறிட்டா பசங்க நேரா சண்டை நடக்கிற ஊருக்குப் போறாங்க. உங்க வேலையும் நிரந்தரம்" என்றார்.

அன்று மதியம், சிமெண்டு கிடங்கில் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் கந்தல் சட்டையோடு வந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்ற சிப்பாய் சிரித்தான்.

"மாமா, இந்தச் சட்டையோட தெருவுக்குள்ள போயிடாதீங்க. போட்டுத் தள்ளிடுவோம்."

"ஏம்ப்பா, என் கையில சாவிதானே இருக்கு?"

"கையை யாரு பாக்குறா? கந்தல்னா சுடு, புதுசுன்னா விடு. அக்கா புண்ணியத்துல எல்லாரும் பாஸ்."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். நிஜ ஊரில் எத்தனை பேர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறார்கள்?

"ஏங்க, நீங்க நேரா வீட்டுக்குப் போங்க. எங்கயும் நிக்காதீங்க."

அவர் போனதும் சட்டைகளையெல்லாம் கழற்றி மாற்றிப் போட்டாள். நிரந்தர வேலை போனால் போகட்டும், தையல் மிஷின் இன்னும் துருப்பிடிக்கவில்லை.

மறுநாள் காய்கறிக்காரர்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் மடிப்புக் கலையாமல் நின்றார்கள்.

மேஜர் பாய்ந்து வந்தார். "சட்டையை மாத்தினது யாரு?"

பெரிய அதிகாரி மெதுவாகத் திரும்பினார். "சட்டைக்கும் சுடறதுக்கும் என்னங்க சம்பந்தம், மேஜர்?"

மேஜர் பூட்ஸைப் பார்த்தார்.

"நான்தான் சார்," என்றாள் பொம்மையக்கா. "இத்தனை நாளா ஒரே மாதிரி போட்டதும் நான்தான். சிக்கனம் பார்த்தேன், அவங்க அதைப் பாடமா படிச்சிட்டாங்க."

"இனிமே தினமும் மாத்திப் போடுவீங்களா?"

"போடுவேன். நல்ல சட்டை நீங்கதான் வாங்கித் தரணும். ஓட்டை போடறது உங்க ஆளுங்க."

படைப்பிரிவின் பயணம் தள்ளிப்போனது. வாசல் சிப்பாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "போறேன்னு வீட்டுல சொல்லிட்டேன்க்கா."

"ஊரு எங்கயும் ஓடிப்போகாது. உள்ள போ."

போனான். ஜன்னலில் பொம்மை எழுந்தது; கந்தல் சட்டை. அவன் விரல் துடித்தது, நின்றது. கண் மெல்லக் கீழே இறங்கியது. கையில் பை.

மோட்டார் பொம்மையைத் தானாக இறக்கும்வரை சுடாமலே நின்றான். அந்தத் தெருவில் கந்தல் சட்டைக்காரர் ஒருவர் உயிரோடு உள்ளே போனது அதுதான் முதல் தடவை.