வெம்பக்கோட்டை இறால்கள்

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. கருவேலங்காட்டுக்கு நடுவில் ‘இறால் பண்ணை’ என்று ஒரு போர்டு. நான் கடலைத் தேடுகிறேன்.

“போர்லயே உப்புத் தண்ணிதான் வருது, கடல் எதுக்கு அண்ணாச்சி?” என்கிறார் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் மாரியப்பன். போன சீசன் வரை பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். இப்போது இறால் விஞ்ஞானி. பயிற்சியில் கேட்ட சொல்லெல்லாம் மனப்பாடம். தீனி மிச்சமிருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கும் தட்டு ‘செக் ட்ரே’. தண்ணீரைச் சிலுப்பும் சக்கரம் ‘ஏரேட்டர்’.

“அது ஓடுனாத்தான் தண்ணியில ஆக்சிஜன் நிக்கும். இல்லேன்னா இறாலு மூச்சு முட்டி மேல வந்துரும், தெரிஞ்சுக்கோங்க.”

தெரிந்துகொள்கிறேன். அந்த நேரம் மேற்கே மின்னுகிறது. மாரியப்பன் ஓடிப்போய் மெயினை இறக்குகிறார். சக்கரங்கள் நிற்கின்றன.

“ஆக்சிஜன்?” என்கிறேன்.

“மின்னுனா மெயின இறக்கணும், எல்லாரும் வெளிய வந்துரணும். பட்டாசுல அதுதான மொதப் பாடம்!”

டயர் மாற்றி டிரைவர் ஹாரன் அடிக்கும்போது, கரையோரமெல்லாம் இறால்கள் மேலே வந்து தவிக்கின்றன. மாரியப்பன் முகத்தில் அப்படியொரு பெருமை.

“பாத்தீகளா, ஒண்ணு விடாம வெளிய வந்துருச்சு. கம்பெனியில நான் தொண்ட கிளியக் கத்துனாலும் இம்புட்டு ஒளுங்கா ஒருத்தரும் வந்ததில்ல!”